முதற் சோதனை முடிந்த முடிபன்று
(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் ஓர் ஓலைக் கொட்டகையில் மாலைப் பள்ளியாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இத்தகைய விழாக்களில் கல்வியின் பெருமையைப் பேசுதல் வழக்கம். அதனைப் பேச நம்மினும் வல்லார் பலர் இம்மேடையில் உளர். ஆதலின், விழாக் குழுவினர் நமக்கு ஒதுக்கிய நேரத்தை வேறொரு பொருளுக்குப் பயன்படுத்த விழைகின்றோம். மருத்துவப் பரிசோதனை ஒன்று, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிட்டால் ஒரு மனிதருக்கு நேர்வது யாது, அவ்வேளையில் கற்றவர்கள் செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள்.

நாம் மருத்துவர் அல்லோம். வரலாறு பயின்று ஆசிரியராகி, கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் கணக்கும் நடத்திய அனுபவமே நம்முடையது. ஆயினும் இப்பொருளில் பாதி கணக்கு. மறுபாதி மனிதப் பண்பு. இரண்டையும் பற்றிப் பேச ஓர் ஆசிரியருக்கு உரிமையுண்டு என்று கருதுகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறுகின்றோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பட்டப் படிப்பை முடித்து, ஒரு நிறுவனத்தில் பணியில் சேர்ந்திருந்தார். திருமணம் பேசி நாளும் குறித்தாயிற்று. அவ்வேளையில் நடைபெற்ற இரத்ததான முகாம் ஒன்றில் அவரும் நண்பர்களோடு சென்று இரத்தம் அளித்தார். இரு வாரம் கழித்து, நேரில் வருமாறு இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. சென்றவரிடம், பலர் அமர்ந்திருந்த கூடத்திலேயே, பணியாளர் ஒருவர், "உங்களுக்கு எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள்" என்று கூறி ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். மணமகள் வீட்டாருக்கு அறிமுகமான ஒருவரும் அக்கூடத்தில் இருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது.

ஒரு வாரம் சென்றபின் அவருடைய தாயார் நம் இல்லம் தேடி வந்தார். "ஐயா, பிள்ளை யாரோடும் பேசுவதில்லை. வேலைக்கும் போகவில்லை. தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு திண்ணையிலேயே சாப்பிடுகிறான். கேட்டால் காரணம் சொல்ல மறுக்கிறான்" என்றார். நாம் உடனே சென்றோம். நெடுநேரம் கழித்தே அவர் வாய் திறந்தார். "ஐயா, வீட்டில் அக்கா குழந்தை இருக்கிறது. அதற்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது?" என்பதே அவருடைய முதற் சொல்லாக இருந்தது.

அன்பர்களே, நம் பாட்டன்மார் தேநீர்க் கடைகளில் தனிக் குவளையில் குடிக்க வைக்கப்பட்டவர்கள். அவ்வழக்கத்தை எதிர்த்து நம் பெரியோர் பட்ட பாடு இங்குள்ள மூத்தோர்க்குத் தெரியும். அந்தத் தனிக் குவளையை, ஒரு துண்டுச் சீட்டை நம்பி, நம் பிள்ளை ஒருவர் தம் வீட்டிலேயே தமக்குத் தாமே வைத்துக்கொண்டார். அக்கிருமி தட்டாலும் டம்ளராலும் பரவாது என்பதைப் பள்ளியில் நாமே அவருக்குக் கற்பித்திருந்தோம். தேர்வுத் தாளில் எழுதிய விடை துயரம் வந்த வேளையில் துணைக்கு வரவில்லை.

அச்சீட்டை வாங்கிப் படித்தோம். முதற்கட்டச் சோதனையில் மாறுதல் காணப்பட்டது என்றும், உறுதிசெய்யும் சோதனைக்குச் செல்லவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள். நோய் இருக்கிறது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மறுநாளே அவரை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, அவரைத் தனியே அமர்த்தி, அரைமணி நேரம் பேசிய பின்னரே இரத்தம் எடுக்கச் செய்தார். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் சோதனையில் தெரியாமற் போவதும் உண்டு என்பதால் மூன்று திங்கள் கழித்து மீண்டும் பார்த்தார்கள். அப்போதும் இல்லை என்றே வந்தது.

அச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு மணமகள் வீட்டாரிடம் சென்றோம். அவ்வீட்டுப் பெரியவர் கோபம் கொள்ளவில்லை. "வாத்தியார் ஐயா, ஒரு தரம் இருக்கிறது என்கிறார்கள், ஒரு தரம் இல்லை என்கிறார்கள். நாங்கள் எதை நம்புவது?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் தெளிவான விடை இல்லை. திருமணம் நின்றுபோயிற்று. அன்று சொல்லத் தவறிய விடையைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்துள்ளோம்.

நோய் இல்லாதவருக்கு நோய் இருப்பதாகச் சோதனை காட்டுவதைப் பொய் நேர்மறை என்பர். நோய் இருப்பவருக்கு இல்லை என்று காட்டுவது பொய் எதிர்மறை. இவ்விரு பிழைகளும் அறவே இல்லாத சோதனை அரிது. காரணம் யாதெனில், பல சோதனைகள் நோயை நேரே காண்பதில்லை. நோய் விட்டுச் சென்ற தடத்தையே காண்கின்றன. கிருமி உடலில் புகுந்தால் அதனை எதிர்க்க இரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் தோன்றும். அவற்றைக் கண்டு, கிருமி வந்திருக்கலாம் என்று சோதனை ஊகிக்கிறது. வேறொரு காரணத்தால் தோன்றிய எதிர்ப்பொருளும் சில வேளைகளில் அதே தடத்தைப் போலத் தோற்றமளிக்கும். இவையன்றி, குப்பி மாறுவதும், பெயர் மாறி எழுதப்படுவதும் மனிதர் செய்யும் பிழைகள்.

களத்துமேட்டில் சல்லடை பிடித்த நம் தாய்மார்க்கு இது எளிதில் விளங்கும். சல்லடையின் கண் பெரிதானால் நல்ல மணியோடு கல்லும் கீழே இறங்கும். கண் மிகச் சிறிதானால் கல் தங்கும். அதனோடு நல்ல மணியும் சில தங்கிவிடும். இரத்த வங்கியார் வேண்டுமென்றே சிறு கண் சல்லடையைக் கையாள்கின்றனர். தவறிப்போய் ஒரு துளி கிருமி கலந்த இரத்தம் சென்றாலும் அதைப் பெறும் நோயாளியின் வாழ்வு கெடும். ஆகவே ஐயத்திற்கு இடமான எந்தக் குப்பியையும் அவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அது முறையான செயலே. ஆனால் சல்லடையில் தங்கியதெல்லாம் கல் என்று முடிவு கட்டுவது முறையன்று. தங்கியதைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். அதுவே உறுதிசெய்யும் சோதனை. நம் நாட்டின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு, வெவ்வேறு முறையில் அமைந்த மூன்று சோதனைகளும் ஒருங்கே கிருமியைக் காட்டினால்தான் தொற்று உள்ளது என அறிவிக்கவேண்டும் என்னும் விதி வகுக்கப்பட்டிருப்பது இதனாற்றான்.

இனி, கரும்பலகைக் கணக்கு ஒன்றுக்கு வருவோம். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. அந்நோய்க்கான சோதனை, நலமுள்ளவர் நூற்றுவரில் ஐவரைத் தவறாக நோயாளி என்று காட்டும். வேறெந்தக் குறியும் தெரியாத ஒருவருக்கு நேர்மறை வந்தால், அவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இதுவே வினா. 60 பேரில் 27 பேர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றனர். சரியான விடை கூறியவர் 11 பேர் மட்டுமே.

நம் எட்டாம் வகுப்பு மாணவர் இதைப் போட்டுப் பார்க்கட்டும். ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர். சோதனை அவரைக் கண்டுபிடித்துவிடுகிறது என்றே கொள்வோம். எஞ்சிய 999 பேரில் நூற்றுக்கு ஐவர் என்றால் ஏறத்தாழ 50 பேர். ஆக, நேர்மறைச் சீட்டோடு வெளியே வருவோர் 51 பேர். அவர்களுள் உண்மையில் நோயுள்ளவர் ஒருவர்தாம். நூற்றுக்கு இரண்டுதான் விடை. மற்ற ஐம்பதின்மரும் நம் மாணவரைப் போலத் திண்ணையில் அமர்ந்திருப்பவர்கள்.

அதே சோதனையை, நோய்க்குறி தெரிந்து மருத்துவமனைக்கு வந்த ஆயிரம் பேரிடம் நடத்துவோம். அவர்களுள் நூறு பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். அந்நூறு பேரும் பிடிபடுவர். நலமுள்ள 900 பேரில் 45 பேர் தவறாகப் பிடிபடுவர். 145 சீட்டுகளில் 100 சீட்டுகள் உண்மை பேசும். நூற்றுக்கு ஏறத்தாழ அறுபத்தொன்பது. சோதனை மாறவில்லை, சோதிக்கப்பட்டவர்களின் நிலையே மாறியது. ஆகையால், சீட்டு எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சீட்டு மட்டும் சொல்லாது. யாரை, எதற்காகச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தே ஒரு மருத்துவர் சொல்ல இயலும்.

இப்பிழை இன்று தோன்றியதன்று. 1906-இல் ஜெர்மனியில் வாசர்மன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் மேகநோய்க்கு ஓர் இரத்தச் சோதனையைக் கண்டனர். மருத்துவ உலகம் அதைப் பெரிதும் கொண்டாடிற்று. பின்னர் அச்சோதனை, மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கொழுப்புப் பொருளொன்றோடு இரத்தம் சேர்வதைப் பார்ப்பதாக அமைந்தது. அவ்வாறு சேரும் இயல்பு மேகநோயாளரின் இரத்தத்திற்கு மட்டும் உரியதன்று. மலேரியாக் காய்ச்சல் கண்டவர், தொழுநோயாளர், லூபஸ் என்னும் நோயுற்றவர், சில வேளைகளில் கருவுற்ற தாய்மார் ஆகியோரின் இரத்தமும் அவ்வாறு சேரும் என்பது தெரிய வந்தது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தொழுநோயால் ஊர் ஒதுக்கிய ஒருவர்மீது, ஒழுக்கக் கேட்டால் வரும் நோய் என்று உலகம் கருதிய மற்றொரு நோயின் பழியும் ஏறிற்று. தவறேதும் அறியாத தாய்மார் கணவன்முன் தலைகுனிந்தனர். 1940-களில் பெனிசிலின் வரும்வரை அந்நோய்க்கு ஆர்செனிக் என்னும் நச்சுப் பொருள் சேர்ந்த ஊசிகளை மாதக்கணக்கில் போடுவது வழக்கமாக இருந்தது. இல்லாத நோய்க்கு அவ்வூசியைப் பெற்றவர்களும் உண்டு. 1949-இல் அமெரிக்காவில் நெல்சன், மேயர் என்னும் இருவர் மேகநோய்க் கிருமியையே கொண்டு செய்யும் சோதனையை வெளியிட்டனர். முதற் சோதனையில் நேர்மறை வந்தவருள் நோயுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்தறிய அதன்பின் வழி பிறந்தது. இன்றும் அப்பழைய முறையின் வழிவந்த வி.டி.ஆர்.எல். சோதனையில் நேர்மறை வந்தால், மற்றொரு சோதனையால் உறுதிசெய்வதே நெறி.

நம் நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. காசநோயைக் கண்டறிய, இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சில சோதனைகள் தனியார் ஆய்வகங்களில் பெருவழக்காக இருந்தன. அவை நோயில்லாதவரை நோயாளி என்றும், நோயாளியை நலமுள்ளவர் என்றும் காட்டின. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயைக் கண்டறிய அவற்றைப் பயன்படுத்தவேண்டா என்று அறிவுறுத்தியது. 2012-இல் இந்திய அரசு அவற்றின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் தடைசெய்தது. அதுவரை அன்றாடக் கூலியிலிருந்து பணம் எடுத்து அச்சோதனையைச் செய்துகொண்ட ஏழை எத்தனை பேர்! பொய்யாக நேர்மறை வந்தவர் ஆறு திங்கள் மருந்து உண்டிருப்பார். அவருக்கு இருமல் வந்ததற்கு உரிய உண்மைக் காரணம் பார்க்கப்படாமலே இருந்திருக்கும். பொய் நேர்மறையின் தீங்கு அச்சத்தோடு நிற்பதில்லை. பொருளையும் உடலையும் காலத்தையும் அது தின்னும்.

பின்னர் 'இல்லை' என்று தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். டென்மார்க்கு நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. மார்பகப் புற்றுநோய்க்கான படச் சோதனையில் ஐயத்திற்கு இடமான முடிவு வந்த 454 பெண்களையும், தெளிவான முடிவு வந்த அதைப்போல் இருமடங்குப் பெண்களையும் தொடர்ந்து கேட்டறிந்தனர். ஐயமெனப்பட்டு, பின்னர்ப் புற்றுநோய் இல்லை என்று தெளிவான பெண்கள், மூன்று ஆண்டு கழித்தும் மனத்தளவில் மற்றவரினும் மிகுதியாக வருந்தினர். தெளிவு கிடைத்து ஆறு திங்கள் ஆனபோது, உள்ளத்தின் அமைதியில் அவர்கட்கு நேர்ந்திருந்த மாறுதல், புற்றுநோய் உண்மையில் இருந்த பெண்களுக்கு நேர்ந்த அளவினதாக இருந்தது. நம் மாணவரும் இன்று நல்ல பணியில் இருக்கிறார். ஆயினும் அறியாத எண்ணிலிருந்து தொலைபேசி ஒலித்தால் எடுப்பதற்கு முன் சற்றே தயங்குகிறார். மீண்டும் இரத்தம் அளிக்க அவர் செல்லவில்லை.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகளைக் கூறாமல் மேலே செல்லுதல் தகாது.

முதலாவது, சோதனைகளே பொய் என்று எவரும் கருதிவிடக் கூடாது. சோதனை இல்லாதிருந்தால் காசநோயும் சர்க்கரை நோயும் புற்றுநோயும் நம் தெருக்களில் சத்தமின்றி உயிர் கொண்டுபோகும். நேர்மறை வந்தவர், "தலைமையாசிரியர் பொய்யாக இருக்கலாம் என்று சொன்னாரே" என்று வீட்டில் இருந்துவிட்டால், அத்தீங்கிற்கு நாமே பொறுப்பாவோம். ஐயம் வந்தால் அடுத்த சோதனைக்கு விரைந்து செல்லவேண்டும் என்பதே நம் கூற்று. மருந்தைத் தாமே தொடங்குவதும் வேண்டா. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் வேண்டா.

இரண்டாவது இதனினும் முக்கியமானது. நம் மாணவருக்குக் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு ஊரார் பலர் அவர்மீது இரக்கம் காட்டினர். "பாவம், வீண்பழி" என்றனர். கிருமி இருந்திருந்தால் அது பழியாகியிருக்குமா? அப்போது அவருக்குத் தனித் தட்டுத்தான் உரியதா? உறுதிசெய்யப்பட்ட தொற்று உடையோர்க்கும் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி மருந்து உண்டு. முறையாக உண்டால் நீண்ட நாள் வாழ்வும் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், அவருடைய நிலையை ஒப்புதலின்றிப் பிறர்க்கு வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் அவரை ஒதுக்குவதையும் தடுக்கிறது. சீட்டு பொய்யென்று தெரிந்தால் மட்டும் காட்டும் பரிவு பரிவாகாது. ஒதுக்கப்படுவதன் வலியைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த நாம், பிறரை ஒதுக்குவதற்கு ஒரு சீட்டைக் காரணமாகக் கொள்ளலாகுமா?

இனி இளைஞர்கள் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுகின்றோம். சீட்டு கைக்கு வந்தவுடன் அதிலுள்ள பெயரும் வயதும் நாளும் உங்களுடையவைதாமா என்று பாருங்கள். "இது சலிக்கும் சோதனையா, உறுதிசெய்யும் சோதனையா? வேறெந்தக் காரணத்தாலும் இம்முடிவு வருமா? அடுத்த சோதனை எது, எங்கே, எப்போது?" என்று அஞ்சாமல் கேளுங்கள். மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. தனியே செல்லாதீர்கள், நம்பத்தக்க ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பலரிடமும் சொல்லித் திரியாதீர்கள். பிறருடைய சீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கவும் வேண்டா. கேள்விப்பட்டதைக் கடத்தவும் வேண்டா. அக்கூடத்தில் அமர்ந்திருந்த ஒருவர் வாய் மூடியிருந்திருந்தால் ஒரு திருமணம் நின்றிருக்காது.

சங்கத்தாரிடம் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. வெள்ளி விழாவின் நினைவாகக் கட்டடமும் எழுப்புங்கள். அதனோடு, ஆங்கிலச் சீட்டைப் படித்துப் பொருள் சொல்லவும், மருத்துவமனைக்கு உடன் செல்லவும், கண்டதை வெளியே சொல்லாதிருக்கவும் வல்ல ஆண்கள் இருவரையும் பெண்கள் இருவரையும் நம் பகுதிக்கெனத் தேர்ந்து பயிற்சி அளியுங்கள். மாலைப் பள்ளியில் நூற்றுவீதம் நடத்தும்போது வட்டிக் கணக்கோடு இந்தச் சீட்டுக் கணக்கையும் நடத்துங்கள். இதற்குப் பொருட்செலவு அதிகமில்லை.

நிறைவாக, அப்பெரியவரின் கேள்விக்கு வருகின்றோம். "ஒரு தரம் இருக்கிறது என்கிறார்கள், ஒரு தரம் இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?" ஐயா, அவ்விரண்டும் ஒரே வினாவிற்கு வந்த இருவேறு விடைகள் அல்ல. இரத்த வங்கி கேட்ட வினா, 'இந்த இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றலாமா?' என்பது. ஐயம் இருப்பதால் ஏற்றவேண்டா என்று அது விடை கூறிற்று. நம்பிக்கை மையம் கேட்ட வினா, 'இம்மனிதருக்குக் கிருமி இருக்கிறதா?' என்பது. ஆராய்ந்து பார்த்து, இல்லை என்று அது விடை கூறிற்று. இரண்டும் தத்தம் அளவில் சரியே. முதல் வினாவின் விடையை எடுத்து இரண்டாம் வினாவிற்கு ஒட்டவைத்ததுதான் பிழை. அப்பிழையைச் செய்தவர்கள் நாம் எல்லோரும்.

இவ்விடையை அன்றே சொல்லும் அறிவு நமக்கு இருந்திருந்தால் ஒரு வீட்டில் மேளம் ஒலித்திருக்கும். இனி ஒரு வீட்டில் அது நின்றுபோகாமல் காக்கும் பொறுப்பை இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் ஒப்படைத்து அமைகின்றோம்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!